நீலத்துக்கு அடியில்

லேசரின் முதல் துடிப்பு பட்டதும் பெயிண்ட் துணுக்கு படீரென்று வெடித்தது. அந்தப் பொறியின் ஒளியைக் கருவி கோடு கோடாகப் பிரித்து, எரிந்தது என்னவென்று திரையில் காட்டும். சோதனைக்கூடத்தில் அவளுக்கு இதுதான் வேலை.

தம்பிமேல் ஏறிக் கொன்ற வண்டியின் துணுக்கு அது. அவன் பெல்ட்டில் ஒட்டியிருந்தது. அண்ணன் கைகாட்டிய நீல லாரியில் சுரண்டியது இன்னொன்று. நேற்று இரண்டிலும் மேலாக நாலு துடிப்பு விட்டாள். இரண்டிலும் நீலச் சாயத்தில் இருக்கும் செம்பு. அழுது வீங்கிய கண்ணுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஒரே நீலம்தான் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

இன்று ஆழமாகத் துளைத்தாள். லாரித் துணுக்கில் நீலத்துக்குக் கீழே துருத் தடுப்புப் பூச்சின் துத்தநாகம், அதோடு சரி. பெல்ட்டுத் துணுக்கில் ஈயமும் குரோமியமும் எழுந்து நின்றன. பழைய மஞ்சள் பெயிண்ட். போன வருஷம் அண்ணனின் மஞ்சள் வேனுக்கு நீலம் பூசியபோது கூட நின்று பிரஷ் பிடித்தவளே அவள்தான்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டுக்கு ஓடினாள். அவள் சொன்னதை நம்பி லாரி டிரைவரைப் பிடித்துவந்து தூணில் கட்டியிருந்தார்கள். முகத்தில் மூக்கு இருந்த இடம் தெரியவில்லை. அப்பாவும் மாமாவும் அடித்து ஓய்ந்து நிற்க, அண்ணன் மட்டும் இரும்புக் குழாயை ஓங்கிக்கொண்டே இருந்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவனுக்கு அது கையில் இறங்கியிருந்தது.

"நிறுத்துங்க. நேத்து நான் சொன்னது தப்பு. தம்பிய அடிச்ச வண்டியில நீலத்துக்கு அடியில மஞ்சள் இருக்கு. இந்த ஆளு லாரியில அது இல்ல."

"மஞ்சளா?" என்றார் அப்பா. மெதுவாக அண்ணன் பக்கம் திரும்பினார்.

அதற்குள் குழாய் அவள் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. குடித்திருந்தேன், இருட்டு, தம்பி என்று தெரியாது என அண்ணன் உளறினான். அப்பா குழாயைப் பிடுங்கினார். முதல் அடி முட்டியில், அடுத்தது வாயில் விழுந்தது.

"தங்கச்சி, நிறுத்தச் சொல்லும்மா."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒற்றைக் கையால் டிரைவரின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் போட்ட முடிச்சு, லேசில் அவிழவில்லை.