நிற்காத தறி

எடப்பாடியில் வாழ்க்கைப்பட்டு நாலு வருஷத்தில் பூவாத்தாள் வாங்கிய பட்டம் ஒன்றே ஒன்றுதான்: சோம்பேறி. கிணற்றடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர மூன்று இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்குவாள். இருபத்துமூன்று வயதுக்காரி செய்கிற காரியமா இது என்று மாமியார் கந்தம்மாள் தண்டோரா போடாத குறையாகத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். கேட்டுக் கேட்டுப் பூவாத்தாளே அதை நம்பிவிட்டாள். எல்லோருக்கும் இப்படித்தான் நெஞ்சு அடைக்கும், அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சுமக்கிறார்கள், தனக்குத்தான் அந்த மனசு இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அறுபத்துமூன்றாம் வருஷம் ஆவணியில் கந்தம்மாள் ஒரு முடிவுக்கு வந்தாள். டாக்டரிடம் கடைசியாக ஒரு தடவை காட்டுவது. நோய் இல்லையென்று அவர் சொல்லிவிட்டால் நாமகிரிப்பேட்டையில் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு மகனுக்கு வேறு பெண் பார்ப்பது. மகன் நாச்சிமுத்துவின் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

டாக்டர் ஞானதாஸ் சேலத்துக்காரர். எடப்பாடியில் அவருடைய வைத்திய அறைக்கும் பக்கத்து விசைத்தறிக் கூடத்துக்கும் ஒரே சுவர். பன்னிரண்டு தறிகள் ஓடுகையில் மேஜைமேல் மருந்துக் குப்பிகள் நடுங்கும். யார் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் குழாயை வைத்தாலும் தறி கேட்கும். அதைக் கழித்துவிட்டு இதயத்தை மட்டும் கேட்கிற காது தமக்கு வாய்த்திருப்பதாக டாக்டர் பெருமையடித்துக்கொள்வார். அமாவாசைக்குத் தறிகள் நின்றால் அவரும் அறையைப் பூட்டிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறிவிடுவார். ஆகவே அந்த அறை சத்தமில்லாமல் இருந்து அவர் கண்டதே இல்லை. பூவாத்தாளை இதற்கு முன் ஐந்து தடவை கழித்துக் கேட்டு, ஐந்து தடவையும் சிவப்பு டானிக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

ஆறாவது தடவையும் இடது காறையெலும்புக்குக் கீழே, சேலைக்கு மேலாகவே குழாயை வைத்தார். கந்தம்மாள் தீர்ப்புக்குக் காத்திருந்தாள். இதயம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்ல டாக்டர் வாயெடுத்த நேரத்தில் கரண்ட் போயிற்று. தறிகள் ஓய்ந்தன. தறிக்காரர்கள் பீடி பற்ற வைக்க வெளியே வந்தார்கள். டாக்டர் மட்டும் குழாயை எடுக்கவில்லை.

"இன்னும் ஒரு தறி ஓடுதே?" என்றார்.

எல்லாம் நின்றுவிட்டதாக நாச்சிமுத்து சொன்னான். டாக்டர் நம்பாமல் எழுந்துபோய்ப் பக்கத்துக் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, மறுபடியும் வைத்துக் கேட்டார். ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை நாளாக எதைக் கழித்து வந்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை. முதல் தடவையாக அவள் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அதிர்ந்தது.

"அது எப்பவும் இருக்குமுங்க," என்றான் நாச்சிமுத்து. "எல்லாப் பொம்பளைங்களுக்கும் அப்படித்தான்னு நெனச்சனுங்க."

நாலு வருஷத்தில் அவன் வெளியிட்ட முதல் அபிப்பிராயம் அது.

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கினார். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. அதனால் நுரையீரலுக்குப் போகிற ரத்தத்தைக் குறுக்கே திருப்பிவிட ஒரு சின்னக் குழாய் உண்டு. பிறந்த இரண்டொரு நாளில் அது தானாக அடைத்துக்கொள்ள வேண்டும். இவளுக்கு அடைக்கவே இல்லை. உடம்புக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு அந்த வழியாக நுரையீரலுக்கே திரும்பிப் போகிறது. இதயம் இறைத்ததையே மறுபடி இறைக்கிறது. அப்படியே விட்டால் ஒருநாள் ஓய்ந்துவிடும். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தக் குழாயைக் கட்டிவிட்டால் பிழைத்துக்கொள்வாள்.

கந்தம்மாள், ஓட்டைக் குழாயோடு பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்களே என்று சம்பந்தி வீட்டைத் திட்ட ஆரம்பித்தாள். பூவாத்தாள் காதில் அது விழவே இல்லை. அவள் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் சோம்பேறி இல்லீங்களா, டாக்டருங்க?"

"சும்மா உட்கார்ந்திருக்கிறப்பவே உன் இதயம் ரெண்டாள் வேலை பார்க்குதும்மா."

பூவாத்தாள் அழுதாள். நெஞ்சில் கோளாறு என்று கேட்டுச் சந்தோஷத்தில் அழுத நோயாளியை அந்த அறை அதற்கு முன் பார்த்ததில்லை.

வேலூரில் விலாவைத் திறந்து, குழாயைப் பட்டு நூலால் இறுக்கிக் கட்டினார்கள். டாக்டர் ஞானதாஸ் தம் காதின் கூர்மையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். கரண்ட் போனதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். 

ஆறு மாதம் கழித்து ஒரு காலையில் பூவாத்தாள் இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாகக் கிணற்றடியிலிருந்து எங்கும் இறக்காமல் வந்தாள். கந்தம்மாள் வாசலில் நின்று பார்த்தாள்.

"இத்தன பலத்த ஒளிச்சு வெச்சுக்கிட்டுத்தான் நாலு வருசம் நடிச்சியாக்கும்?"

பழைய பூவாத்தாளாக இருந்தால் அதையும் நம்பியிருப்பாள். இவள் குடத்தை இறக்காமல் நின்று, ஒரே மூச்சில் பதில் சொன்னாள்.

"நடிக்கலீங்கத்த. நீங்க சொன்னத நானும் நம்பித் தொலச்சேன், அதானுங்க."