ஊருக்குள் ஓட்டுகிற பிளக்

மட்டாஞ்சேரியில் ஸ்பானர் பிடித்தவன் எல்லாம் மெக்கானிக்தான். ஆனால் சூப்பர்சார்ஜர் வைத்த பியட்டுக்கு என்ன ஸ்பார்க் பிளக் போடுவது என்று கேட்டால் எல்லாரும் இசக்கிமுத்துவின் ஷெட்டைத்தான் கை காட்டுவார்கள். கொச்சி முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரே ஒரு வண்டிதான் இருந்தது என்பது வேறு விஷயம். அது விஸ்வேஸ்வரனுடையது.

விஸ்வம் மிளகு ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தான். நாலு தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கிற தமிழ்ப் பிராமணக் குடும்பம். அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் கார் பந்தயம். பம்பாயில் பழைய இரும்புக் கடையில் ஒரு சூப்பர்சார்ஜரைப் பிடித்து, சாக்கில் கட்டிக் கொண்டுவந்து, "இதை என் வண்டியிலே மாட்டிக் குடுடா இசக்கி" என்று நின்றான். எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கிற சாமான் அது. ஆறு மாதம் மல்லுக்கட்டி இசக்கி அதை மாட்டிக் கொடுத்தான். இரண்டு பேருக்கும் ஒரே வயது. இசக்கி அவனைச் 'சாமி' என்றுதான் கூப்பிடுவான். வாய்க்கு வந்தபடி ஏசுகிறபோதும் அதே சாமிதான்.

காற்றைத் திணித்தால் எஞ்சின் பேய்ச் சூடு சூடாகும். அந்தச் சூட்டைச் சட்டென்று இறக்கிவிட கோல்டு பிளக் வேண்டும். சரி, அதையே எப்போதும் போட்டுவிட்டால் தீர்ந்ததா? தீராது. ஊருக்குள் மெதுவாக உருட்டினால் கோல்டு பிளக் சூடே ஏறாமல் கரி பிடித்துவிடும். வண்டி மிஸ் அடிக்கும், பிறகு நின்றேபோகும். அதனால் பந்தயத்துக்குக் கோல்டு பிளக், ஊருக்குள் ஓட்ட ஹாட் பிளக் என்று இரண்டு செட். எந்த செட் வண்டியில் இருந்தாலும் மற்ற செட்டும் ஸ்பானரும் டேஷ்போர்டுப் பெட்டியில் இருக்க வேண்டும். இது இசக்கி போட்ட சட்டம்.

அந்தச் சட்டத்தை விஸ்வம் மதித்தானா? எங்கே! எழுபத்தெட்டாம் வருஷம் சோழவரத்தில், சூடான எஞ்சினில் பிளக் கழற்றினால் கை சுடுமாம், மகாராஜா ஊர் பிளக்கோடேயே பந்தயத்தில் இறங்கிவிட்டான். நாலாவது சுற்றில் பிஸ்டன் நடுவே ஓட்டை விழுந்தது. இசக்கி இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

மறு வருஷப் பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது இசக்கி ஒரு காரியம் செய்தான். வண்டியில் கோல்டு பிளக் நாலையும் மாட்டினான். ஹாட் பிளக் நாலையும் டேஷ்போர்டுப் பெட்டியில் வைக்காமல் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் பூட்டினான். ஷெட்டில் வைத்தால் விஸ்வம் துழாவி எடுத்துவிடுவான். பெட்டியில் இல்லாவிட்டால்தானே மறுபடி அந்த வேலை செய்ய முடியாது! நல்ல யோசனை என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டான், பாவி.

"சாமி, பந்தயம் முடியுற மட்டும் வண்டிய ஊருக்குள்ள எடுக்கப்படாது, கேட்டீரா? விடியக்காலம் ஐலண்டு ரோட்டுல நல்லா மிதிச்சு ஓட்டும், போதும். எங்கயாச்சும் போவணும்னா டாக்ஸி பிடிச்சுக்கிடும்."

"சரிடாப்பா, சரி."

பிளக்கை எடுத்த விஷயத்தை மட்டும் அவன் சொல்லவில்லை. சொன்னால் சண்டை வரும்.

விஸ்வத்தின் மனைவி ஸ்வர்ணலதாவுக்கு அப்போது எட்டாம் மாதம். பிரசவத்துக்கு எறணாகுளத்தில் பிறந்த வீட்டுக்கு ஏழாம் மாதமே போயிருக்க வேண்டியவள். "அவர் பந்தயத்துக்குக் கிளம்பினப்புறம் போறேன்" என்று தங்கிவிட்டாள். ஷெட்டுக்கு அவள் கொடுத்தனுப்புகிற முறுக்கை இசக்கியின் பிள்ளைகள் அடித்துப் பிடித்துத் தின்னும். யாரையும் ஒரு சொல் கடிந்து பேசத் தெரியாத பெண்.

வியாழக்கிழமை காலை பத்து மணி வாக்கில் அவளுக்கு உதிரப்போக்கு ஆரம்பித்தது. பக்கத்து வீட்டில் டாக்ஸிக்கு ஆள் அனுப்பலாம் என்றார்கள். "டாக்ஸி வர்றதுக்குள்ளே நான் ஆஸ்பத்திரியிலே இருப்பேன்" என்று விஸ்வம் அவளைத் தூக்கி பியட்டில் படுக்கவைத்தான். கொச்சியிலேயே வேகமான வண்டி அல்லவா! அவன் நினைத்ததில் தப்பு இல்லை. ரோடு காலியாக இருந்திருந்தால் பறந்திருப்பான்.

பஜார் ரோட்டில் மிளகு மூட்டை வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, எறணாகுளம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் தோப்பும்படிப் பாலத்தில் ஏறினால், முன்னே ஒரு லாரி அச்சு முறிந்து நிற்கிறது. குறுகின பாலம். முன்னும் பின்னும் வண்டிகள். இருபது நிமிஷம் நத்தை மாதிரி நகர்ந்ததில் பியட் மிஸ் அடிக்க ஆரம்பித்து, பாலத்தின் நடுவே நின்றுவிட்டது.

ஷெட்டில் இருந்த இசக்கியிடம் மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரன் வீரபாண்டி ஓடிவந்து சொன்னான்: "மேஸ்திரி, சாமி வண்டி பாலத்துல கிடக்கு. உள்ள அந்த அம்மாவுக்கு ரத்தம் போவுது."

இசக்கி கையில் இருந்த ஸ்பானரைப் போட்டுவிட்டு எழுந்தான். பிளக் வீட்டில். வீடோ பாலத்துக்கு நேர் எதிர்த் திசையில். சைக்கிளை மிதித்துப் போய், அலமாரியைத் திறந்து, பிளக்கை மடியில் கட்டிக்கொண்டு பாலத்துக்கு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

வண்டியில் யாரும் இல்லை. நாலு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு பாலத்தின் அந்தக் கோடிக்கு ஓடி, அங்கே டாக்ஸி பிடித்துப் போனதாகச் சொன்னார்கள். பானெட் திறந்திருந்தது. ஸ்பானர் எஞ்சின் மேல் கிடந்தது. கழற்றின பிளக் ஒன்று கரிப்பிசினோடு கீழே உருண்டிருந்தது. டேஷ்போர்டுப் பெட்டியில் இருந்த காகிதமெல்லாம் சீட்டில் வாரி இறைக்கப்பட்டிருந்தது. தேடியிருக்கிறான், ஐயோ, தேடியிருக்கிறான்! அன்றைக்கு அவன் கை சுடுவதையா பார்த்திருப்பான்? வெறும் விரலாலேயே நாலையும் திருகி எடுத்திருப்பான்.

இசக்கி அழுதுகொண்டே நாலு ஹாட் பிளக்கையும் மாட்டிச் சாவியைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பிவிட்டது.

அவன் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பெண் குழந்தை பிறந்திருந்தது. ஸ்வர்ணலதா போய்விட்டாள். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். விஸ்வம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பிளக் எங்கே என்று அவன் கேட்கவில்லை. அப்புறமும் கேட்கவே இல்லை.

பெட்ரோல் தீர்ந்துபோய் வண்டி நின்றது, போட மறந்துவிட்டேன் என்றுதான் அவன் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான். மாமனார் சிவராமகிருஷ்ணன் காரியம் நடந்த வீட்டிலேயே கத்தினார். "பெட்ரோல் போடத் தெரியாதவனுக்குக் குழந்தையை வளர்க்கத் தெரியுமா?" என்று பேத்தியை எறணாகுளத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் விஸ்வம் போட் ஏறிப் போய், இறுகச் சாத்தின கதவுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பி வந்தான்.

இசக்கிக்குச் சோறு இறங்கவில்லை. தன்னைக் காப்பாற்றத்தானே சாமி இந்தப் பொய்யைச் சொல்லிக் குழந்தையையும் பறிகொடுத்துவிட்டு நிற்கிறான்! ஐந்து மாதம் பல்லைக் கடித்துப் பார்த்தான். அதற்கு மேல் முடியவில்லை. விஸ்வத்திடம் சொல்லாமல் ஒருநாள் எறணாகுளம் போனான்.

சிவராமகிருஷ்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இசக்கி நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான்.

"பெட்ரோல் நிறையக் கிடந்துச்சு சாமி. பந்தயத்துக்குன்னு நாந்தான் பிளக்க மாத்தினேன். ஊர் பிளக்க ஒளிச்சு வச்சதும் நாந்தான். அவரு பேர்ல ஒரு குத்தமும் இல்ல. என்னைய என்ன வேணா செய்யும். பிள்ளைய அவருட்ட குடுத்திரும்."

கிழவர் பேப்பரை மடித்து வைத்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"வண்டியைப் பந்தயத்துக்குன்னு மாத்தி வெச்சிருந்தது அவனுக்குத் தெரியுமோ?"

"தெரியும் சாமி."

"ஊருக்குள்ளே ஓடாதுன்னு தெரியுமோ?"

இசக்கி வாயைத் திறந்தான். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் பார்த்தான், வாயில் வரவில்லை.

"தெரியும்."

"ஆத்துலே எட்டு மாசக்காரியை வெச்சுண்டு, ஊருக்குள்ளே ஓடாத வண்டி." கிழவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "மறதின்னு நினைச்சேன் இசக்கிமுத்து. மறதி யாருக்கும் வரும். அடுத்த மாசம் சோறூணுக்கு அவன் கையாலே முதல் சோறு ஊட்டச் சொல்லி, குழந்தையை அவன் கூடவே அனுப்பிடலாம்னு நானும் அனந்தலக்ஷ்மியும் பேசி வெச்சிருந்தோம். நீ உண்மையைச் சொல்லிட்டே. ரொம்ப நன்றி. போய்ட்டு வா."

உள்ளே குழந்தை அழுதது. பாட்டி அனந்தலக்ஷ்மி அதைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போகிற சத்தம் கேட்டது. இசக்கி படியிறங்கித் தெருவுக்கு வந்தான். பிராட்வே கடைவீதிக் கூட்டத்தில் யாரோ இடித்து ஏசினார்கள்.

மூன்றாம் நாள் விஸ்வம் ஒரு கடிதத்தோடு ஷெட்டுக்கு வந்தான். கண் வீங்கியிருந்தது.

"மாமா எழுதியிருக்கார்டா. குழந்தை அங்கேயே வளரட்டுமாம். இனிமே நான் வரவே வேண்டாமாம். போன வாரம்தாண்டா மாமி கதவைத் திறந்து குழந்தையைக் காட்டினா. என்ன ஆச்சுன்னே தெரியலே."

"நாந்தான் சாமி. பிளக்கு விஷயத்த நாம் போய்ச் சொல்லிட்டேன். என்னையக் காப்பாத்தத்தான் நீரு பெட்ரோலுன்னு சொன்னீருன்னு..."

விஸ்வம் அவனை நிமிர்ந்து பார்த்தான்.

"உன்னைக் காப்பாத்தவா? இல்லேடா. அந்தப் பிளக்கோட கிளம்பினது நான்தானே? அதை வெளியே சொல்ல எனக்குத் தைரியம் வரலேடா. மறந்துட்டேன்னு சொன்னா, போயிட்ட அவகூட மன்னிச்சுடுவாளோன்னு தோணித்து."

இசக்கி தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். விஸ்வம் குனிந்து அவன் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"விடுடா. நீ எப்பவும் நல்லதுக்குத்தானே செய்வே."

அவன் குரலில் கோபமே இல்லை. செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூட இசக்கி தாங்கிக்கொண்டிருப்பான்.