நாலு எலுமிச்சம்பழமும் ஒரு பிரேக் சுவிட்சும்

சியாமளாவின் பேட்டரி சைக்கிளுக்கு வந்த சீக்கு உலகத்தில் வேறெந்த வண்டிக்கும் வந்திருக்காது. மெக்கானிக் கிருபாகரன் கடைக்குள்ளே நன்றாக ஓடும். வாசலைத் தாண்டினால் மோட்டார் செத்துவிடும். புதுப்பட்டினம் மார்க்கெட்டே மூன்று நாளாக இந்தக் கூத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

அவளுக்கோ அது கூத்தில்லை, பிழைப்பு. ஆறு கிலோமீட்டர் தள்ளி ஓர் இறால் கம்பெனியில் ஐந்து வருஷமாகக் கான்டிராக்டில் இறால் உரிக்கிறாள். இப்போதுதான் பர்மனென்ட் லிஸ்டில் பெயர் வந்திருக்கிறது. அந்தக் கனத்த வண்டியை மிதித்து மிதித்து மூன்று நாளும் லேட். நாலாவது லேட் விழுந்தால் பெயரை அடித்துவிடுவேன் என்று சூப்பர்வைசர் ரூத் மேடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அந்த லிஸ்டில் முதலாளி கையெழுத்துப் போடுவது இன்றைக்கு. எட்டரைக்குச் சங்கு.

புருஷன் ஜெகதீசனைக் கேட்டால், கோளாறு வண்டியில் இல்லையாம், தெருக்காரர்கள் கண்ணில் இருக்கிறதாம். வண்டி வாங்கிய அன்றே பூசை போட்டு, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினான். முன்னால் லைட்டும் சாப்பாட்டுக் கூடையும் இடத்தை அடைத்துக்கொண்டதால் இடது பிரேக் பிடியில் கட்டினான். அப்போது ஸ்பீடு பிரேக்கரில் ஏறினால் மட்டும் வண்டி நின்றது. இரண்டாவது பழத்தைக் கட்டினான். பள்ளத்துக்குப் பள்ளம் நின்றது. மூன்றாவதைக் கட்டினான். இப்போது நாலு பழம், பன்னிரண்டு மிளகாய், முட்டை பருமனில் ஒரு படிகாரக் கட்டி. "கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக் கூடாது," என்று சொல்லிக்கொண்டு அடுத்து பூசணிக்காய்க்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தான், மகராசன்.

கிருபாகரன் கெட்டிக்காரன்தான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். அடுத்தவர் சாமி விஷயத்தில் அவனுக்கு அநியாய மரியாதை. வேலை தொடங்குமுன் கையைக் கழுவி, அந்தச் சரத்தை அவிழ்த்து ஆணியில் மாட்டுவான். பிறகுதான் மீட்டரை எடுப்பான். பேட்டரி சரி, ஒயரிங் சரி. கன்ட்ரோலரைக்கூட மாற்றிப் பார்த்தாயிற்று. சக்கரம் விர்ரென்று சுற்றும். சுவிட்சை அணைத்து, சரத்தைப் பயபக்தியோடு பழைய இடத்திலேயே கட்டிக் கொடுப்பான். வாசலில் வண்டி நிற்கும்.

இன்று காலை ஏழே முக்காலுக்கும் அதையேதான் செய்யப் போனான். சியாமளா வண்டியை அணைக்க விடவில்லை. ஆக்சிலேட்டரைத் திருகிப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஸ்டாண்டில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. சரம் பிடியில் தொங்கியதும் சக்கரம் நின்றது.

"அந்தச் சரத்த அவுத்துடு," என்றாள்.

அவிழ்த்தான். சுற்றியது.

"கட்டு."

கட்டினான். நின்றது.

"கிருபா, உனுக்கு இது தெரியுமா, தெரியாதா?"

கிருபாகரன் வாசலில் நின்ற ஜெகதீசனை ஓரக்கண்ணால் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "முந்தாநேத்தே தெரியுங்க்கா. பிரேக் பிடிக்குள்ள சின்னதா ஒரு சுவிட்ச்சு கீது. பிடிய லேசா இஸ்தாலே மோட்டாரு கட்டாயிடும். பழம் வெயிட்டுல இஸ்துகினே கீது. உங்க எலுமிச்சம்பழந்தான் கோளாறுன்னு நான் எப்டிக்கா சொல்றது? அண்ணாத்த தப்பா நெனச்சிக்குவாரே."

"அதுக்குக் கன்ட்ரோலர மாத்துவியா?"

"சும்மா குந்தினு இருக்க மனசு வர்லக்கா."

சியாமளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரத்தை வெடுக்கென்று அவிழ்த்தாள். ஜெகதீசன் குறுக்கே பாய்ந்தான். "ஏய்! பழம் இல்லாம ஒரு அடி நகரக் கூடாது. வழியில உனுக்கு எதுனா ஆச்சின்னா?" அவன் கண் கலங்கிவிட்டது. பாவி, இதில் நடிப்பு துளியும் இல்லை.

மணி எட்டு நாலு. வாதாட நேரமில்லை. சரத்தை அவன் கழுத்திலேயே மாட்டினாள். "யோவ், பழம் கூட வந்தா போதுந்தானே? பின்னாடி குந்து."

அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. குந்தினான். வண்டி வாசலைத் தாண்டியது, மார்க்கெட் முனையையும் தாண்டியது. சியாமளா சந்தோஷத்தில் கத்தியே விட்டாள். கத்தி என்ன பிரயோஜனம்? ஜெகதீசன் தொண்ணூறு கிலோ. மகாபலிபுரம் போகிற ரோட்டில் பாலத்து மேடு வந்ததும் மோட்டார் முனகி, திணறி, நடக்கிறவனைவிட மெதுவாக ஊர்ந்தது. மணி எட்டுப் பதினேழு. கம்பெனிக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர்.

வண்டியை நிறுத்தினாள். "எறங்கு."

"பழம்?"

"உங்கிட்டயே இருக்கட்டும்."

இறங்கினான். பறந்தாள். தூரத்தில் போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நாலு பழத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பாலத்து நடுவில் நின்றவனைத் தாண்ட எவனுக்கும் தைரியம் வரவில்லை. ஒரு டூரிஸ்ட் வேன் நின்றது, அதன் பின்னால் ஒரு லாரி. டிரைவர் இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டு அவனைக் கும்பிட்டான். பாவமாகத்தான் இருந்தது அவளுக்கு. அப்புறம் ஐந்து வருஷமும் நினைப்புக்கு வந்தது. ஆக்சிலேட்டரை முறுக்கினாள்.

எட்டு இருபத்தைந்துக்கு வருகை ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டாள். ரூத் மேடம் கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா சியாமளா, வண்டிய ரெடி பண்ணிட்டியா?"

"ஆயிடுச்சி மேடம். கோளாற வழியில எறக்கி வுட்டுட்டு வந்துட்டேன்."