கடலில் உப்பு உள்ளவரை

தேவதாசன் தன் இருபத்தைந்தாவது கலியாண நாள் விழாவில் மைக்கைப் பிடித்து ஸ்பானியப் பாட்டொன்று பாடினார். மண்டபத்தில் யாருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. அதனால் கைதட்டல் பலமாக இருந்தது. டவுன்டவுன் உணவகச் சமையலறையில் லத்தீன் அமெரிக்கர்களோடு வெங்காயம் நறுக்கியே அந்தப் பாஷையைப் பிடித்தவர். மனைவி மேனுகாவிடம் எந்தப் பாஷையிலும் ஆசையாக ஒரு வார்த்தை சொன்னவரில்லை. வீட்டில் அவள் பெயர் 'இஞ்சாரும்', அதாவது 'இங்கே பாரும்'.

போன மாதம் இதே பாட்டை அவர் பேஸ்மென்டில் பழகியபோது, தனக்காகத்தான் என்று நினைத்து, மேனுகா அடுப்பை அணைத்துவிட்டுப் படியில் நின்று கேட்டாள். சந்தோஷத்தில் அழுகைகூட வந்தது. பிறகு போனிலிருந்து ஒரு பெண்குரல் அவரைத் திருத்தியது. முடிவில் கொஞ்சலாக "மி சியேலோ" என்றது. தான் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்தில், சிலி நாட்டுப் பெண்ணிடம் மேனுகா அதற்கு என்ன பொருள் என்று கேட்டாள். 'என் வானம்' என்று அர்த்தமாம், காதலனை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

"பாட்டுச் சொல்லித் தந்த பிள்ளையையும் விழாவுக்குக் கூப்பிடுங்கோ," என்றாள் மேனுகா. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். தேவதாசன் கூப்பிட்டார்.

பாட்டுச் சொல்லித் தந்த நெலிடா கடைசி மேசையில் இருந்தாள். இந்த விழா பிள்ளைகளுக்காகத்தான், முடிந்ததும் உன்னிடம் வந்துவிடுவேன் என்று அவர் அவளுக்குச் சொல்லியிருந்தார். பாவம், அவள் அதை நம்பியிருந்தாள். கேக் ஊட்ட உறவினர்கள் வரிசையில் நிற்க, மேனுகா அவளைத்தான் முதலில் மேடைக்கு அழைத்தாள். பாட்டின் பொருளை இருவருக்கும் தெரிந்த பிரெஞ்சில் சொல்லும்படியும், தான் தமிழில் சொல்வதாகவும் சொன்னாள்.

நெலிடா தயங்கித் தயங்கி ஒரு வரி சொன்னாள்.

"கடலில உப்பு இருக்குமட்டும் நான் உன்ர ஆள்," என்றாள் மேனுகா மைக்கில். விசில் பறந்தது.

அடுத்த வரி.

"ஆறு ஓடுமட்டும் உன்னை விடன். இல்-பிசாரில எங்கட வீட்டுக்குப் பின்னால ஓடுற ஆறு தை மாசம் உறைஞ்சு கட்டியாப் போயிடும். அதுமட்டும்தானாக்கும்."

சபை சிரித்தது. தேவதாசனும் சிரித்தார்.

மூன்றாவது வரியில் வானம் வந்தது. நெலிடா பாதியில் நிறுத்தினாள். அவள் அவரைப் பார்த்தாள். அவர் கேக்கைப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, அந்த வானம் ஆரின்ர?" என்றாள் மேனுகா.

மண்டபம் காத்திருந்தது. வீடியோக்காரர் கிட்ட வந்தார்.

"உம்மடதான்," என்றார் தேவதாசன்.

இவ்வளவு காலம் ஏங்கிய சொல். கேட்கும்போது மேனுகாவுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அதைக் காப்பகத்துக் குழந்தைகளுக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திப் பிரெஞ்சில் நெலிடாவுக்குச் சொன்னாள். பிறகு பெரிய துண்டாகக் கேக்கை வெட்டி அவள் வாயில் வைத்தாள்.

"இஞ்ச பாத்துச் சிரியுங்கோ," என்றார் வீடியோக்காரர்.

நெலிடாவால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கண்ணீர் கிறீமில் இறங்கிக்கொண்டிருந்தது. மேனுகா கையை எடுக்காமல், கமராவைப் பார்த்துச் சிரித்தபடி நின்றாள்.