அப்பாவுக்கு மட்டும் எரியும் விளக்கு

என் சமையலறை ஜன்னலோரம் ஒரு சின்ன விளக்கு இருக்கிறது. ஒரு பகல் முழுக்க ரயிலில் போனால் வரும் அக்கா வீட்டில், அப்பா தன் நாற்காலியில் உட்கார்ந்தால் அது எரிய வேண்டும். எழுந்தால் அணைய வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. அதைச் செய்ய அதற்கு என்ன கேடு என்றுதான் எனக்குப் புரியவில்லை.

நான் டிசைனர். தொட்டால் பேசுகிற மரப்பெட்டி, மிதித்தால் பாடுகிற பாய் என்று குழந்தைகள் கண்காட்சிகளுக்குச் செய்து கொடுக்கிற அலுவலகத்தில் வேலை. முன்பெல்லாம் உருவம் வரைந்து கொடுப்பதோடு சரி; உள்ளே ஓடும் வயர்களைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். பிறகு டிசைனர்களுக்கென்றே நடந்த ஒரு எலக்ட்ரானிக்ஸ் வகுப்பில் சேர்ந்து, எல்.இ.டி.க்களைப் பொசுக்கி, விரலையும் பொசுக்கிக்கொண்டு, ஒருவழியாகத் தேறினேன். எனக்கே எனக்கென்று நான் செய்த முதல் பொருள், அப்பாவின் நாற்காலிக்கான இந்த மெத்தை.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இரண்டு துணிகளுக்கு நடுவே ஒரு கறுப்புத் தாள். அழுத்த அழுத்த அதன் வழியாக மின்சாரம் சுலபமாக ஓடும். கம்ப்யூட்டரில் தெரிகிற எண்ணும் ஏறும். எந்த எண்ணைத் தாண்டினால் விளக்கு எரிய வேண்டும் என்று நாம் ஒரு வரம்பு வைக்க வேண்டும். "சென்சாருக்கு ஆளைத் தெரியாது. வந்திருக்கறது யாருன்னு நீங்கதான் எண்ணால சொல்லிக் குடுக்கணும்" என்பார் வகுப்பு எடுத்த டீச்சர்.

அக்கா வீட்டில் ஒரு பூனை உண்டு. அப்பா எழுந்தால் போதும், அவர் விட்டுப்போன சூட்டுக்காகவே நாற்காலியில் ஏறிச் சுருண்டுகொள்ளும். பூனைக்கெல்லாம் என் விளக்கு எரியக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். அப்பா பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். ஆள் வாட்டசாட்டம். அவர் தொப்பென்று உட்கார்ந்தால் நாற்காலி ஒருமுறை முனகும். என் வீட்டுக்காரரும் கிட்டத்தட்ட அதே உடம்பு. அவரைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"எங்க அப்பா மாதிரி உட்காருங்க."

"விசில் ஊதிட்டு உட்காரணுமா, ஊதாமலா?"

அவருக்கு வந்த எண்ணுக்குக் கொஞ்சம் கீழே வரம்பை வைத்து, பார்சல் போட்டேன். அக்கா மெத்தையை விரித்து, ப்ளக்கைச் சொருகி, வைஃபையோடு சேர்த்துவிட்டாள். தானும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தாள். அவளும் லேசுப்பட்ட உடம்பில்லை. இங்கே விளக்கு பளிச்சென்று எரிந்தது. நான் கைதட்டினேன்.

அதற்குப் பிறகு எரியவே இல்லை.

"அப்பா அந்த நாற்காலில உட்கார்றதே இல்லையா?"

"நாள் பூரா அதுலதான்டி இருக்கார்."

"அப்ப ஏன் எரியல?"

"என்னைக் கேட்டா? செஞ்சவ நீ."

சுருக்கென்றது. பிடுங்கிச் சொருகு, திருப்பிப் போடு, வேறு ப்ளக்கில் மாட்டு என்று அக்காவைப் படுத்தி எடுத்தேன். கடைசியில், "நீ அதைச் சுருட்டிப் பரண்ல போட்டுட்டு என்கிட்ட கதை விடற" என்று கத்தியும் விட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

எனக்கு ஆத்திரம் அக்கா மேல் இல்லை. அப்பாவைப் பார்த்து ஏகப்பட்ட மாதமாகிவிட்டது. ஒரு கண்காட்சி முடிவதற்குள் அடுத்தது வந்து நின்றது. அவருக்கோ போனில் பேச வராது. "நல்லாருக்கேன், நல்லாருக்கேன்" என்று அவசரமாகச் சொல்லி அக்காவிடம் கொடுத்துவிடுவார். எனக்குப் பேச்சுகூட வேண்டாம். நான் காய் நறுக்கும்போது, அவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று ஓரக்கண்ணுக்குத் தெரிந்தால் போதும். அலுவலகத்திலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் ஜன்னலைப் பார்ப்பேன். இருட்டாகத்தான் இருக்கும்.

ஒரு சாயங்காலம் எரிந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்காரரைக் கூவி அழைத்தேன். அவர் வருவதற்குள் அணைந்துவிட்டது. வேலையே செய்யாத பொருளோடு மல்லுக்கட்டலாம். ஒரே ஒரு தடவை வேலை செய்கிற பொருள் நம்மைப் பைத்தியமாக்கிவிடும். லீவு போட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினேன்.

கூடத்தில் அப்பா நாற்காலியில் இருந்தார். நான் சண்டை போட்ட மெத்தை அவருக்கு அடியில்தான் இருந்தது. சட்டை அதே பழைய சட்டை. உள்ளேதான் ஆள் பாதியாக இருந்தார். விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கப் பிடித்திருந்தார். மடியில் அவருடைய பழைய இரும்பு டம்பெல் இரண்டு.

"இதென்னப்பா மடில?"

அக்காதான் பதில் சொன்னாள். "நீ கத்தினது அவர் காதுலயும் விழுந்துடுச்சு. அன்னிலேருந்து இதே பிடிவாதம், தூக்கி மடில வைன்னு. கொஞ்ச நேரத்துல தொடை வலிக்குதுன்னு எடுக்கச் சொல்றார். மறுநாள் மறுபடியும் வைங்கறார், பெரும்பாலும் நீ ஆபீஸ்ல இருக்கற பகல் நேரத்துல."

"எரிஞ்சுதா பாப்பா?" என்றார் அப்பா.

"ஒருநாள் எரிஞ்சுதுப்பா."

அவர் முகம் மலர்ந்தது. "நெனச்சேன். உன் மெஷின்ல தப்பிருக்காது. எங்கிட்டதான் குறைஞ்சுபோச்சு."

டம்பெல்களை எடுத்துக் கீழே வைத்தேன். நானே இரண்டு கையாலும்தான் தூக்க வேண்டியிருந்தது.

"டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று அக்காவிடம் மெல்லக் கேட்டேன்.

"காட்டாம இருப்பேனா? எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. வயசுன்னுட்டார். தினம் பார்க்கற எனக்கே தெரியலடி. சட்டை தொளதொளன்னு ஆனப்பறம்தான் தெரிஞ்சுது." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்பெல்லாம் கேட்டால் அவள் கேலி செய்வாள்.

தரையில் உட்கார்ந்து லேப்டாப்பில் வயரைச் சொருகினேன். திரையில் அப்பாவின் எண் வந்தது. என் வீட்டுக்காரருடைய எண்ணில் பாதிகூட இல்லை. நான் வைத்த வரம்பு, என் நினைவிலிருந்த அப்பாவுக்கானது. இவரை அதற்கு அடையாளமே தெரியவில்லை.

"பாஸா, ஃபெயிலா?" என்று குனிந்து பார்த்தார்.

"பாஸ்தான்ப்பா."

அக்கா அவரைச் சாப்பிட எழுப்பிக் கூட்டிப்போனாள். காத்திருந்த பூனை ஏறி, மெத்தையின் நட்டநடுவில் சுருண்டது. அதன் எண்ணையும் பார்த்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தது. நடுவில் ஒரு கோடு போட்டால் விளக்கு அப்பாவுக்கு மட்டும் எரியும். வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நடுவில் ஒரு எண்ணை அடித்தும்விட்டேன். அப்புறம் அடுத்த மாதம் நினைவுக்கு வந்தது. அதற்கடுத்த மாதமும். அப்பா இன்னும் இளைத்தால், அந்தக் கோட்டுக்கும் கீழே போய்விட்டால், மறுபடி டம்பெல்லைக் கேட்பார். அடித்த எண்ணை அழித்தேன். வரம்பைப் பூனைக்கும் கீழே இறக்கினேன். அழுகை வந்தது, அழுதேன். பூனை ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

இப்போது ஜன்னலோரம் விளக்கு நாளெல்லாம் எரிகிறது. நேற்று நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் வந்து அதை எட்டிப் பார்த்தார்.

"இப்ப இருக்கறது மாமாவா, பூனையா?"

"பூனையா இருந்தாலும் அப்பா இப்பத்தான் எழுந்திரிச்சிருக்கார்னு அர்த்தம்" என்றேன். "சூடில்லாத இடத்துல அது உட்காராது."