இன்றைய தேதியிட்ட மரண அறிவிப்பு

தையல்கடைக்கு மேலே அறை எடுத்து மனநல ஆலோசனை சொல்கிறவளுக்கு, கீழே கடையில் வைத்த பெயர் கேள்வியம்மா. மணி என்ன என்று கேட்டால்கூட, "உங்களுக்கு ஏன் தெரிஞ்சுக்கணும்னு தோணுது?" என்பாளாம். தையல்காரர் சத்தியம் செய்கிறார்.

போன மாதம் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்ததிலிருந்து அவள் கால் தரையில் பாவவில்லை. இருத்தலியம் என்ற தத்துவம் கற்றுக்கொண்டாளாம். சாவை நேருக்கு நேர் பார்த்தவனுக்குத்தான் வாழ்க்கை பிடிபடுமாம். புதிதாக வருகிறவர்களிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு நிரப்பும் தாள் அலமாரிக்குப் போயிற்று. அந்தச் சூட்டோடு, ஆலோசனைக்கு வந்தும் வாயே திறக்காத லிஃப்ட் மெக்கானிக்குக்கு வீட்டுப்பாடமும் கொடுத்தாள்: உங்கள் மரண அறிவிப்பை நீங்களே எழுதி வாருங்கள்.

புதன்கிழமை நாலு மணிக்கு அவன் வர வேண்டும். வரவில்லை. நாலே காலுக்கு அவன் மனைவியின் போன்தான் வந்தது.

"மேடம், துவைக்க எடுத்த சட்டைப் பையில ஒரு பேப்பர். அவர் செத்துட்டதா அவரே எழுதி வச்சிருக்கார். இன்னைக்குத் தேதி போட்டிருக்கு."

"அது... நான் குடுத்த பயிற்சிதாம்மா."

"இதெல்லாமா சொல்லிக் குடுப்பீங்க? அவர் எங்க இப்போ?"

பதிலுக்குக் கேட்க அவளிடம் கேள்வி இல்லை. அவனை அழைத்தாள், போன் அணைந்திருந்தது. இன்று எந்தக் கட்டடத்தில் வேலையோ, எத்தனையாவது மாடியோ. சாகத் தோன்றுகிறதா என்று அவனிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அலமாரிக்குப் போன தாளில் அது ஆறாவது கேள்வி.

செருப்பை விட்டுவிட்டுப் படியிறங்கி ஓடியவள், கடைசிப் படியில் உட்கார்ந்திருந்த மெக்கானிக் மேல் மோதப் பார்த்தாள்.

"மூணரையிலேருந்து இங்கதாம்மா உக்காந்திருக்கார்," என்றார் தையல்காரர். "மேல போங்கன்னாலும் போகமாட்டேங்கறார்."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சாகணும்னு தோணுதா உங்களுக்கு?"

தையல் இயந்திரம் நின்றது.

"தோணுது," என்றான். "போன வாரமே கேப்பீங்கன்னு பாத்தேன். எழுதிட்டு வரச் சொன்னீங்க."

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவன் மனைவியை அழைத்தாள். "இங்கதான் இருக்கார். கிளம்பி வாங்க, சேந்தே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்." தையல்காரர் வண்டி பிடிக்க ஓடினார்.

"உங்க கை நடுங்குது மேடம்," என்றான் மெக்கானிக்.

"பயமா இருக்கு," என்றாள். பிடியை விடவில்லை.