சிரித்தால் கத்தும் கீசெயின்

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எதுவுமே தேவையில்லை. தேவை உள்ளவன் பெரிய கடைக்குப் போய் லேப்டாப் வாங்குவான். என்னிடம் வருகிறவன், அந்த லேப்டாப்பில் செருகி வைக்க விரல் நீள ஃபேன் இருக்கிறதா என்று கேட்பான். இருக்கிறது. டீக் கோப்பையைச் சூடாகவே வைத்திருக்கும் தட்டு, கீபோர்டு இடுக்கிலுள்ள அழுக்கை ஒற்றி எடுக்கும் பச்சைக் களி, நிஜமாகவே வால் வைத்த மவுஸ், எல்லாம் இருக்கிறது. எல்லாம் மலிவு, எல்லாம் கொஞ்சம் கிறுக்கு. விற்கிற நீ மட்டும் ஒழுங்கா என்று கேட்காதீர்கள், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

இந்தக் கடையில் என்னைக் கவிழ்த்த சரக்கு ஒன்று உண்டு. விசிலடித்தால் கத்தும் கீசெயின். சாவியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடுகிறவர்களுக்காகச் செய்தது. விசிலடித்தால் சோபாவுக்கு அடியிலிருந்து 'கீக் கீக்' என்று பதில் சொல்லும். நல்ல யோசனைதானே என்று இரண்டு பெட்டி வாங்கிவிட்டேன். வாங்கிப் போன முதல் ஆள், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், மறுநாளே திரும்பி வந்தார்.

"ஏம்மா, இது விசிலுக்குக் கத்துதோ இல்லியோ, யாராவது சிரிச்சாக் கத்துது. டீச்சருங்க ரூம்ல மானம் போச்சு."

"சிரிக்கிறது நல்லதுதானே சார்?"

"சிரிச்சது எங்க ஹெட்மாஸ்டர். முறைச்சது என்னை. ஆஃப் பண்ணலாம்னு பார்த்தா சுவிட்சே இல்ல."

அது உண்மைதான். கீச்சென்ற குரலில் யாராவது சிரித்தால் அந்த அசட்டு யந்திரத்துக்கு விசிலுக்கும் சிரிப்புக்கும் வித்தியாசம் தெரியாது. அணைக்கச் சுவிட்சும் கிடையாது. அன்றிலிருந்து இரண்டு பெட்டியும் கல்லாவுக்குப் பின்னால் தூங்கின. பேட்டரிக்கு நடுவில் ஒரு காகிதத் துண்டு செருகியிருக்கும், அதை உருவும்வரை அதுகளுக்கு உயிர் வராது. நிம்மதி.

அப்படி இருக்கும்போதுதான் அக்கா வந்தாள்.

கையில் ஒரே ஒரு பை. "சும்மா வந்தேன்" என்றாள். சும்மா வருகிறவள் குளிர்காலத்துக்கும் சேர்த்துத் துணி எடுத்து வருவாளா? நான் ஒன்றும் கேட்கவில்லை. கடைக்கு மேலே இருக்கும் என் அறையில் அவளுக்கும் ஒரு கட்டில் போட்டேன். காலையில் கடைக்கு என்னோடு இறங்கி வந்து, மூலையில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, சிக்கிக்கிடந்த ஒயர்களைப் பிரித்துச் சுருட்டிக் கட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

இவள் பேசாதது எனக்குப் பெரிய அதிசயம் இல்லை. இவள் சிரிக்காததுதான் உறுத்தியது. சின்ன வயதில் அக்கா சிரித்தால் வெங்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி இருக்கும். கீச்சென்று ஆரம்பித்து, மேலே மேலே ஏறி, மூச்சு வாங்கி, மறுபடி முதலிலிருந்து வரும். எதிர்வீட்டு நாய் எழுந்து நிற்கும். அம்மா கரண்டியோடு வந்து, "பொம்பள சிரிச்சாப் போச்சு, பொகையில விரிச்சாப் போச்சு" என்பாள். புகையிலையையே பார்த்திராத நாங்கள் அதற்கும் சேர்த்துச் சிரிப்போம். என்ன போச்சு, எங்கே போச்சு என்று அம்மாவும் சொன்னதில்லை.

இப்போது அவளுக்குச் சிரிப்பு வந்தால் உதடு மட்டும் விரிகிறது. கை தானாக வாய்க்குப் போகிறது. இன்னொரு பழக்கமும் கவனித்தேன். வாயைத் திறப்பதற்கு முன்னால் நிமிர்ந்து கதவுக்கு மேலே ஒரு தரம் பார்ப்பாள். என் கடைக் கதவுக்கு மேலே ஒட்டடை தவிர ஒன்றும் இல்லை. "அங்க என்னக்கா பாக்குற?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லடி" என்பாள், அதையும் மெதுவாக.

அவள் புருஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் அவரை மைக் மாமா என்போம். குரல் கொடுப்பதுதான் தொழில். எங்கேயாவது போன் செய்து காத்திருக்கும்போது, 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது, தயவுசெய்து காத்திருக்கவும்' என்று ஒரு குரல் வருமே, தேன் தடவின மாதிரி, அது அவர்தான். லிஃப்டில் 'கதவுகள் மூடுகின்றன' என்பதும் அவர்தான். வீட்டில் ஓர் அறையைப் பஞ்சும் அட்டையும் வைத்து அடைத்து, அதற்குள் உட்கார்ந்து பதிவு செய்வார். கெட்டவர் இல்லை. குடி இல்லை, கை நீட்டினது இல்லை. ஆனால் கிறுக்குச் சாமான்கள் என்றால் உயிர். கடை திறந்த புதிதில் என் பெரிய வாடிக்கையாளரே அவர்தான். வால் வைத்த மவுஸ், கோப்பைத் தட்டு, கதவுக்கு மேலே மாட்டுகிற 'ஒலிப்பதிவு நடக்கிறது' என்ற சிவப்பு விளக்கு, எல்லாம் என்னிடம் வாங்கினதுதான்.

அவர்கள் வீட்டுக்கு நான் எப்போது போனாலும் அக்கா காதோடு காதாகத்தான் பேசுவாள். உள்ளே பதிவு நடக்கிறது போல என்று நானும் பூனை மாதிரி நடந்து, பூனை மாதிரி டீ குடித்து, பூனை மாதிரி திரும்பி வருவேன்.

அவள் வந்த ஒரு மாதத்தில் மாமா போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஞாயித்துக்கிழமை வரேன். தயாரா இரு, வீட்டுக்குப் போயிடலாம்" என்றார், அதே காத்திருக்கச் சொல்லும் குரலில்.

அக்கா நிமிர்ந்து கதவுக்கு மேலே பார்த்துவிட்டு, "சரி" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்னக்கா சரி? ஏன் வந்த, ஏன் போற, ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"என்ன சொல்ல? அவர் என்ன அடிச்சாரா, திட்டினாரா? சொன்னா சிரிப்பாங்க." ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "அந்த வீட்ல நான் இருக்கிறதே எனக்கு மறந்து போச்சுடி. அவ்ளோதான்."

ஊமை கண்ட கனவு என்பார்களே, அது இதுதான். அவள் புருஷன் வீட்டுக்குப் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. போகட்டும், அது அவள் வீடு. ஆனால் இப்படிப் போகக் கூடாது. இப்படிப் போனால் அடுத்த தடவை என்னிடம் வர ஒரு அக்கா மிச்சம் இருக்க மாட்டாள். எனக்குப் பயமாக இருந்தது, அதைக் கோபம் மாதிரி காட்டிக்கொண்டு திரிந்தேன்.

மறுநாள் வெளியே போய்விட்டு வந்து பார்த்தால், அக்கா கல்லாவுக்குப் பின்னால் சுத்தம் செய்திருந்தாள். இரண்டு பெட்டிக் கீசெயின்களும் ஒரு பெரிய கூடையில் அழகாகக் கொட்டிக் கிடந்தன. பக்கத்தில் ஒரு குப்பைக் குவியல், எல்லாம் காகிதத் துண்டு.

"ஒவ்வொண்ணுலயும் ஒரு பேப்பர் நீட்டிக்கிட்டு அசிங்கமா இருந்துச்சு. உருவிட்டேன்."

"அடிப்பாவி! அத்தனைக்கும் உயிர் குடுத்துட்டியே!"

அதற்கப்புறம் கடையில் யாராவது சிரித்தால் கூடைக்குள்ளிருந்து ஒன்றிரண்டு கத்தும். ஒன்றின் கத்தலுக்கு மற்றது மசியாது, அது ஒரு புண்ணியம். எனக்கு ஓர் ஆசை பிறந்தது. அந்தப் பழைய சிரிப்பை அக்கா ஒரே ஒரு தடவை சிரித்தால் கூடை முழுக்கக் கத்துமே. நான் அவளிடம் ஹெட்மாஸ்டர் கதை சொன்னேன், எதிர்வீட்டு நாய் கதை சொன்னேன், அம்மா மாதிரி கரண்டி பிடித்து நடித்தேன். உதடு விரிந்தது, கை வாய்க்குப் போனது. கூடை செத்த மாதிரி கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பின்மண்டையிலிருந்து நீளமாக வளர்த்து வழுக்கையின் மேல் குறுக்கே படிய வாரிய முடி. அக்கா பையைக் கட்டி ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

உள்ளே வந்தவர் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அலமாரியைப் பார்த்தார். பார்வை அங்கேயே நின்றுவிட்டது. கீபோர்டு தூசியை உறிஞ்சுகிற கையடக்க வாக்குவம் ஒன்று புதிதாக வந்திருந்தது.

"இது எப்ப வந்துச்சு?"

"மாமா, நீங்க அக்காவைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கீங்க."

"ஆமாமா." அதைக் கையில் எடுத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருப்பார் போல. "நம்ம வீடு நீ இல்லாம வீடா இல்ல. எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்." பேசிக்கொண்டே பட்டனை அழுத்தினார். மோட்டார் 'ர்ர்ர்' என்றது. சத்தத்தில் பிழைக்கிற மனுஷர் ஆயிற்றே, சத்தம் எவ்வளவு என்று பார்க்க அதைக் காதோரம் கொண்டு போனார். "உன் மனசுல என்ன இருக்குன்னு..."

அதற்குள் வாக்குவம் முடியைப் பிடித்துவிட்டது.

குறுக்கே படுத்திருந்த அத்தனை முடியும் ஒரே இழுப்பில் கிளம்பி, அதன் வாய்க்குள் போனது. மாமா இழுத்தார். அதுவும் இழுத்தது. வழுக்கை பளபளவென்று வெளியே வர, முடி ஒரு பக்கமாகக் கொடி கட்டின மாதிரி நின்றது. அந்தத் தேன் குரலிலிருந்து, "அய்யய்யோ, விடு, விடு!" என்று எலிக்குஞ்சு மாதிரி ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. விடு என்றது யாரை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கை பாதி வழியில் இருந்தது. நிமிர்ந்து கதவுக்கு மேலே பார்த்தாள். ஒட்டடைதான். கை இறங்கியது.

சிரித்தாள்.

கீச்சென்று ஆரம்பித்து, மேலே மேலே ஏறியது அந்தச் சிரிப்பு. கூடை மொத்தமும் 'கீக் கீக் கீக்' என்று அலறியது. அதைக் கேட்டு அவளுக்கு இன்னும் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்புக்குக் கூடை இன்னும் கத்தியது. தெருவில் போன இரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தார்கள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலிலேயே சரிந்தாள். நான் சிரித்தேனா அழுதேனா என்று சொல்லத் தெரியவில்லை, இரண்டும்தான்.

நானே போய் வாக்குவத்தை அணைத்து மாமாவை மீட்டேன். அவர் காதைப் பொத்திக்கொண்டு, "இதுக்கு ஆஃப் சுவிட்ச் இல்லியா?" என்று கத்தினார்.

"இல்ல" என்றாள் அக்கா. உரக்க.

மெல்ல மெல்லக் கூடை அடங்கியது. மாமா முடியைச் சரிசெய்ய மறந்து நின்றார்.

"நீ இப்படிச் சிரிச்சு எவ்ளோ வருஷமாச்சு" என்றார். அது காத்திருக்கச் சொல்லும் குரல் இல்லை, சொந்தக் குரல்.

"லைட்டு அணையவே இல்லியே."

"எந்த லைட்டு?"

"உங்க ரூம் கதவுக்கு மேல இருக்கே, அது. அது எரிஞ்சா சத்தமே வரக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. எப்ப பாத்தாலும் எரியுது."

மாமா விழித்தார். "அது... அதை கம்ப்யூட்டர்லதான் சொருகியிருக்கேன். புதுசு வந்ததுல இருந்து, கம்ப்யூட்டரை அணைச்சாலும் அந்த ஓட்டையில கரண்ட் வருது. அழகாத்தான் இருக்குன்னு எரிய விட்டுட்டேன். நான் உள்ள வேலையே பாக்காதப்பகூட எரியும்." குரல் தேய்ந்தது. "நீ அதைப் பாத்துக்கிட்டா இருந்த? கேட்டிருக்கலாமே. அழுத புள்ளைதானே பால் குடிக்கும்?"

எனக்கு வந்ததே கோபம்! "அழவே கூடாதுன்னு லைட்டைப் போட்டுட்டு, ஏன் அழலைன்னு கேக்குறீங்களா மாமா? ஒரு மனுஷி வருஷக்கணக்கா வாயே திறக்கல. உங்களுக்குக் காதுதானே தொழில்?"

"நீ சும்மா இருடி" என்றாள் அக்கா. பிறகு அவரிடம், "அவ கேட்டது சரிதான். லைட்டு தப்பு, போகட்டும். ஏன் பேச மாட்டேங்கிறன்னு நீங்க ஒரு நாளாவது கேட்டீங்களா?"

மாமா வாக்குவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வீடு அமைதியா இருந்துச்சு" என்றார். "எனக்கு அது வசதியா இருந்துச்சு. அதான் கேக்கல."

பொய் சொல்லியிருந்தால் அந்த வாக்குவத்தாலேயே ஒன்று வைத்திருப்பேன். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"இன்னிக்கு நான் வரல. போய் அந்த லைட்டைக் கழட்டுங்க."

அவர் கிளம்பினார். முடி ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டே போனது, தெருவெல்லாம் பார்த்திருக்கும். சாயங்காலம் திரும்பி வந்தார். ஒரு துணிப்பையிலிருந்து சிவப்பு விளக்கை எடுத்துக் கல்லாமேல் வைத்தார். நான் சுவரிலிருந்த பலகையைக் காட்டினேன்: விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.

"திருப்பிக் குடுக்க வரலம்மா" என்றார். "கழட்டினதைக் காட்ட வந்தேன்."

அக்கா எழுந்து வந்தாள். "காலையில நான் இங்க கடையில இருப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வருவேன். பேசுவேன், பாடுவேன், பாத்திரத்தைப் போடுவேன். உங்க பதிவு வேலையை அதுக்கேத்த மாதிரி வெச்சுக்கோங்க."

"சரி" என்றார் மாமா.

"உங்க சாவியக் குடுங்க."

கொடுத்தார். அவள் கூடையிலிருந்து ஒரு கீசெயினைப் பொறுக்கி எடுத்து, அதில் அவர் வீட்டுச் சாவியைக் கோத்து, அவர் கையில் திருப்பி வைத்தாள்.

"இது வீட்ல கத்திக்கிட்டே இருக்கும். ஒரு நாள் கத்தலைன்னா, ஏன்னு கேளுங்க."

மாமா அதை மார்புச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் பில் எழுதினேன், தள்ளுபடி தரவில்லை.